பியானோ கலைஞர் எழுதும் இன்றைய பிக் பேண்ட் ஜாஸ் ஆல்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பியானோ வாசிக்கும் ஒருவர் தாமே இசையமைத்து, பெரியதொரு இசைக்குழுவைத் திரட்டிப் பதிவுசெய்யும் ஜாஸ் ஆல்பத்தை முதன்முறையாகக் கேட்பவர்களுக்கு எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எது எழுதப்பட்டது, எது அந்த நேரத்தில் பிறந்தது, பியானோ ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்கிறது, இத்தனை பேரை வைத்து இதை எப்படிப் பதிவுசெய்கிறார்கள் என்பவை அவற்றுள் முக்கியமானவை. பல ஆண்டுகளாக இவ்விசையைக் கேட்டும் அதன் இசைக்குறிப்புகளைப் படித்தும் வருபவன் என்ற முறையில் இவற்றுக்கு என்னால் இயன்ற விடைகளை இங்கே எழுதுகிறேன்.

பிக் பேண்ட் என்பதில் எத்தனை பேர், என்னென்ன கருவிகள்?

நிலைபெற்றுவிட்ட வடிவத்தில் 17 பேர் இருப்பார்கள். முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன்கள் அமரும்: இரண்டு ஆல்டோ, இரண்டு டெனார், ஒரு பாரிடோன். அவர்களுக்குப் பின்னால் நான்கு டிராம்போன்கள், அதற்கும் பின்னால் நான்கு டிரம்பெட்டுகள். நான்கு டிராம்போன்களில் ஒன்று பெரும்பாலும் பாஸ் டிராம்போனாக இருக்கும். பக்கவாட்டில் பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்து தாளப் பிரிவாக அமைகின்றன.

இந்தப் பிரிவுமுறை 1920களில் நியூயார்க்கில் உருப்பெற்றது. ரோஸ்லேண்ட் நடன அரங்கில் வாசித்த ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் குழுவில், டான் ரெட்மன் எழுதிய அமைப்புகள் டிரம்பெட், டிராம்போன் ஆகிய உலோகக் குழல்களை ஒரு பக்கமும், சாக்ஸபோன், கிளாரினெட் ஆகிய நாணல் கருவிகளை மறுபக்கமும் நிறுத்தி, ஒன்று கேட்க மற்றொன்று விடையளிப்பதுபோல வாசிக்கச் செய்தன. ஹெண்டர்சனும் ஒரு பியானோ கலைஞரே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இந்த வடிவத்தின் பிறப்பிலேயே பியானோ முன்னால் ஒருவர் அமர்ந்திருந்தார்.

இது 1930களின் நடன இசைதானே? ‘இன்றைய’ என்று தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது?

கருவிகள் அவையே, நோக்கம் மாறிவிட்டது. ஸ்விங் என்ற நடன ஜாஸ் ஓங்கியிருந்த அக்காலத்தில் இக்குழுக்கள் நடனமாட வந்த கூட்டத்துக்காக வாசித்தன. எனவே வேகமும் நீளமும் ஆடுவோரின் கால்களுக்கு ஏற்றவாறு அமைந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே அடங்கும் என்பதால், பதிவுக்கு எழுதியவர்கள் அந்த எல்லைக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடன அரங்குகள் குறைந்தன. இத்தனை பேரை ஊர் ஊராக அழைத்துச் செல்லும் செலவு தாங்க முடியாததாயிற்று. பல குழுக்கள் கலைந்தன.

அதன்பின் உட்கார்ந்து கேட்பவர்களுக்காக எழுதும் மரபு வலுப்பெற்றது. 1966 பிப்ரவரி 7 அன்று, ஒரு திங்கட்கிழமை இரவில், நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் என்ற சிறிய நிலவறை அரங்கில் டிரம்பெட் கலைஞர் தாட் ஜோன்ஸ், டிரம்ஸ் கலைஞர் மெல் லூயிஸ் இருவரும் தங்கள் குழுவைத் தொடங்கினார்கள். அதன் வழித்தோன்றலான வேன்கார்ட் ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ரா அதே அரங்கில் திங்கட்கிழமைகளில் வாசிக்கும் வழக்கத்தைத் தொடர்ந்தது. 1978இல் அக்குழுவில் பியானோ வாசிக்கச் சேர்ந்த ஜிம் மெக்நீலி, பிற்காலத்தில் இந்த வடிவத்தின் தலைசிறந்த எழுத்தாளர்களுள் ஒருவரானார்.

இன்று வெளிவரும் ஆல்பங்களில் ஒரு படைப்பு 10 நிமிடத்துக்கு மேல் நீள்வது சாதாரணம். ஐந்து, ஏழு என்ற எண்ணிக்கையில் அமைந்த தாளங்கள் இயல்பாக வருகின்றன. சாக்ஸபோன் கலைஞர்கள் புல்லாங்குழலும் கிளாரினெட்டும் பாஸ் கிளாரினெட்டும் மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். முன்பு தொடக்கத்தில் ஒலித்த மெட்டு இறுதியில் அப்படியே திரும்ப வரும். இப்போதோ படைப்பு புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

பெரிய குழுவுக்கு எழுதுபவர்களில் இத்தனை பேர் பியானோ கலைஞர்களாக இருப்பது ஏன்?

எல்லாரும் சொல்லும் விடை எளிது: பியானோவில் 88 கட்டைகள் இருக்கின்றன, பாரிடோன் சாக்ஸபோனின் அடியாழம் முதல் டிரம்பெட்டின் உச்சிவரை அனைத்தும் ஒருவர் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன, பல சுரங்களை ஒன்றாக அழுத்திக் கேட்டுப் பார்க்கலாம். டியூக் எலிங்டன், கவுண்ட் பேஸி, கில் எவன்ஸ், தோஷிகோ அகியோஷி, கார்லா பிளே என்று நீளும் வரிசை இதற்குச் சான்றாகக் காட்டப்படும்.

இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பியானோவின் வசதியைக் காட்டிலும் அதன் குறையே இவர்களைப் பெரிய குழுவை நோக்கித் தள்ளுகிறது என்பது என் கருத்து. பியானோவில் சுத்தியல் தந்தியைத் தட்டிய கணத்திலேயே ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. எவ்வளவு பெரிய மேதையாக இருந்தாலும், தட்டிய சுரத்தை அதன்பின் வளர்க்க முடியாது. மிதியை அழுத்தி அதன் இறப்பைத் தள்ளிப்போடலாம், அவ்வளவே. காற்றுக் கருவியில் நடப்பது இதற்கு நேர்மாறு. மூச்சோடு மூச்சாக மெல்லத் தொடங்கும் ஒரு சுரம் நடுவில் வீங்கி, நிறம் மாறி, விம்மி, மறுபடி ஒடுங்க முடியும். வாழ்நாள் முழுவதும் தேயும் ஒலியோடு பழகிய ஒருவர், வளரும் ஒலியைத் தன் கையில் பெறும்போது என்ன எழுதுவார் என்பதுதான் இத்தகைய ஆல்பத்தின் உயிர்நாடியான கேள்வி. நல்ல ஆல்பம் ஒன்றில், பியானோ தொடங்கிவைத்த சுரக்கூட்டு மங்கும் அதே நொடியில் டிராம்போன்கள் அதே சுரங்களைக் கீழிருந்து எடுத்து ஊதிப் பெருக்குவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த இடத்தில் எனக்கு எப்போதும் மெய்சிலிர்க்கும். கட்டையில் முடிந்துபோக வேண்டியிருந்த ஒன்று அங்கே மூச்சில் தொடர்கிறது.

இன்னொன்று, நிறம். பியானோவில் நடு ‘ஸி’ ஒன்றுதான் உண்டு. பெரிய குழுவில் அந்த ஒரே சுரத்தை ஊமைமூடி (ஒலியை அடக்கி நிறம் மாற்றும் மூடி) பொருத்திய டிரம்பெட், தன் மேல் எல்லையில் நிற்கும் பாரிடோன் சாக்ஸபோன், கிளாரினெட், டிராம்போன் என்று பலவிதமாக ஒலிக்கவைக்கலாம். ஒவ்வொன்றும் வெவ்வேறு உணர்வைத் தரும். எலிங்டன் 1930இல் ‘மூட் இண்டிகோ’வின் தொடக்கத்தில் செய்ததை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஊமைமூடி போட்ட டிரம்பெட்டை மேலேயும், அதற்கு மிக நெருக்கமாக, வழக்கத்துக்கு மாறான உயரத்தில் டிராம்போனையும் வைத்து, மெல்லிய கருவி என்று எண்ணப்படும் கிளாரினெட்டை இரண்டுக்கும் வெகு கீழே இறக்கினார். அந்த மூன்று சுரங்களைப் பியானோவில் அழுத்திப் பார்த்தால் எளிமையான ஒரு சுரக்கூட்டாகவே கேட்கும். அந்தக் கருவிகளில் அதே சுரங்கள் அதுவரை யாரும் கேட்டிராத ஓர் ஒலியாயின. பியானோவில் அமர்ந்து எழுதியவர் பியானோவில் கேட்க முடியாததை மனத்தில் கேட்டிருக்கிறார்.

அப்படியானால் பியானோ கலைஞரின் எழுத்துக்கு என்றே தனிக் குறைகள் உண்டா?

உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டால் ஆல்பத்தை மதிப்பிடுவது எளிதாகும். முதல் குறை, கை எழுதுவது. பத்து விரல்களுக்குள் அடங்கும் சுரக்கூட்டை அப்படியே சாக்ஸபோன் பிரிவுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மெட்டு நகரும்போதெல்லாம் அதே கைவடிவத்தை மேலும் கீழும் நகர்த்துவார்கள். ஐவரும் ஒழுங்காக வாசித்தாலும், நடுவிலிருக்கும் மூவருடைய வரிகளைத் தனித்தனியே பாடிப் பார்த்தால் அவற்றில் உயிர் இருக்காது. ஒரே சுரத்தில் தேங்கி நிற்கும், அல்லது காரணமின்றித் தாவும். சிறந்த எழுத்தாளர் ஒருவரின் இசைக்குறிப்பில், மூன்றாவது டிராம்போனின் தாளைக் கையிலெடுத்தாலும் அதில் ஒரு பாட்டு இருக்கும்.

இரண்டாவது, மூச்சை மறப்பது. விரலுக்கு மூச்சு தேவையில்லை. ஆகவே பியானோவில் எழுதுபவர் இடைவெளியே இல்லாத நீண்ட வரிகளை எழுதிவிடுகிறார். டிரம்பெட் கலைஞருக்கோ நுரையீரல் மட்டுமன்றி உதட்டுத் தசையும் களைக்கும். உச்ச சுரங்களில் நெடுநேரம் நிற்கச் சொன்னால் அடுத்த படைப்பில் அவரிடம் வலு இருக்காது. பதிவு நாளில் எந்தப் படைப்பை முதலில் வாசிப்பது என்பதைப் பல சமயம் தீர்மானிப்பது முதல் டிரம்பெட்டின் உதடுகளே. ஒரு ஆல்பத்தைக் கேட்கும்போது நமக்கே மூச்சுத் திணறுவதுபோல் இருந்தால், அங்கே எழுதியவர் மூச்சுக்கு இடம் விடவில்லை என்று பொருள்.

மூன்றாவது, கணினி தரும் மயக்கம். இப்போது பலரும் இசைக்குறிப்பு மென்பொருளில் எழுதி, அதன் பின்னொலியைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். கணினி களைப்படையாது, சமநிலை தவறாது. மெல்லிய புல்லாங்குழலும் நான்கு டிரம்பெட்டும் அதில் சம பலத்தோடு ஒலிக்கும். உண்மையான அறையில் அந்தப் புல்லாங்குழல் காணாமலே போய்விடும்.

எழுதப்பட்டது எவ்வளவு, மனோதர்மமாக வாசிப்பது எவ்வளவு?

இதற்கு ஒரே விகிதம் கிடையாது. பொதுவாக, காற்றுக் கருவிப் பிரிவுகள் சேர்ந்து வாசிப்பவை அனைத்தும் குறிப்பில் எழுதப்பட்டவை. தனி வாசிப்பு, அதாவது சோலோ, அந்த நேரத்தில் பிறப்பது. வாசிப்பவரின் தாளில் சுரக்கூட்டுகளின் பெயர்களும் இத்தனை அளவுகள் (தாளத்தின் ஒரு சுற்று ஓர் அளவு) என்ற கணக்கும் மட்டுமே இருக்கும். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் இடைப்பட்ட நிலையில் இருக்கின்றன. அவர்களுக்குச் சில இடங்களில் முழுச் சுரங்களும், பல இடங்களில் வெறும் குறிப்புகளும் தரப்படும். எஞ்சியதை அவர்களே நிரப்புகிறார்கள்.

இன்றைய படைப்பாளிகள் இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த சுவரை மெல்ல மெல்லக் கரைத்துவிட்டார்கள். பழைய அமைப்பில் மெட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்று வாசிப்பார், முடித்து அமர்வார், அடுத்தவர் எழுவார். இப்போது ஒருவரது தனி வாசிப்பே படைப்பின் கதையை ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்துக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பை ஏற்கிறது. அவர் அமைதியில் தொடங்கும்போது பின்னால் மூன்று கருவிகள் மட்டும் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கும். அவர் ஏற ஏற எழுதப்பட்ட பின்னணியும் அடர்ந்து ஏறும். உச்சியில் முழுக் குழுவும் அவரை விழுங்கிவிடும். இங்கே எழுதியவர் முன்கூட்டியே ஓர் உச்சத்தைக் கட்டிவைத்துவிட்டு, அதை அடையும் வழியை வாசிப்பவரின் நம்பிக்கைக்கு விட்டுவிடுகிறார். எந்த இடத்தில் எழுத்து முடிந்து மனோதர்மம் தொடங்கியது என்று கேட்பவருக்குத் தெரியாமலிருப்பது இந்தப் படைப்பாளிகள் பலரின் விருப்பம்.

ஆல்பத்தின் அட்டையில் பியானோ கலைஞரின் பெயர் இருக்கிறது. ஆனால் பியானோவே சரியாகக் கேட்கவில்லையே?

இது குறையன்று, பெரும்பாலும் தெரிந்தே எடுத்த முடிவு. பதின்மூன்று காற்றுக் கருவிகள் முழுச் சுரக்கூட்டையும் ஒலிக்கும்போது பியானோவும் அதையே இரு கைகளாலும் அழுத்தினால் ஒலி தடித்துக் கலங்கிவிடும். கவுண்ட் பேஸி இதை எல்லாருக்கும் முன்னரே உணர்ந்திருந்தார். 1937இல் சேர்ந்த ஃபிரெட்டி கிரீனின் கிட்டார் ஒவ்வொரு அடிக்கும் மென்மையாகச் சுரக்கூட்டை மீட்டிக்கொண்டிருக்க, வால்டர் பேஜின் பாஸும் ஜோ ஜோன்ஸின் டிரம்ஸும் நடையைத் தாங்க, பேஸி பெரும்பாலான நேரம் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, இரண்டு வாக்கியங்களுக்கு இடையே மூன்று நான்கு சுரங்களை மட்டும் வைப்பார். அந்தச் சில சுரங்களே குழுவின் கையொப்பமாயின.

இன்றைய ஆல்பங்களில் பியானோ பல வேலைகளைச் செய்கிறது. தனியே ஒரு முன்னுரை வாசித்து அரங்கைத் திறந்துவைக்கும். பெரும் முழக்கத்துக்குப் பின் வெறுமையில் நின்று பேசும். சில சமயம் புல்லாங்குழலோடும் கிட்டாரோடும் ஒரே மெட்டை ஒரே குரலில் சேர்ந்து வாசித்து, அந்த மெட்டின் ஒவ்வொரு சுரத்துக்கும் கூர்மையான தொடக்கத்தைக் கொடுத்துவிட்டு மறையும். இந்தக் கடைசி வேலையை நம் செவி தனியாக உணர்வதில்லை. அதை நீக்கிவிட்டால் மெட்டு மழுங்கிவிட்டதைத்தான் உணரும்.

பியானோவைத் தாமே வாசிக்காமல் விட்டுவிடுபவர்களும் உண்டு. இசையமைப்பாளர் மரியா ஷ்னைடர் சிறுவயதிலிருந்தே பியானோ கற்றவர். ஆனால் தம் குழுவின் முன்னால் நின்று நடத்துவதையே தேர்ந்தெடுத்தார். அக்குழுவின் பியானோவில் நெடுங்காலம் இருந்தவர் 2020 டிசம்பரில் காலமான ஃபிராங்க் கிம்ப்ரோ. எழுதியவர் ஒருவர், அவருடைய கை மற்றொருவர் என்ற இந்த ஏற்பாட்டில், பியானோவும் குழுவின் மற்ற குரல்களைப்போல ஒரு குரலாகிவிடுகிறது.

குழுவின் ஒவ்வொருவர் பெயரையும் ஏன் இவ்வளவு முக்கியமாக அச்சிடுகிறார்கள்?

எழுதியவர் ‘இரண்டாவது ஆல்டோ’வுக்கு எழுதவில்லை, அந்த நாற்காலியில் அமரும் மனிதருக்கு எழுதினார் என்பதே காரணம். எலிங்டனின் இசைக்குறிப்புத் தாள்களில் கருவியின் பெயருக்குப் பதில் வாசிப்பவரின் பெயரே இருந்தது. ஹாரி கார்னி 1927 முதல் எலிங்டன் 1974இல் மறையும்வரை அந்தக் குழுவில் பாரிடோன் சாக்ஸபோன் வாசித்தார். ஏறக்குறைய 47 ஆண்டுகள் ஒரே எழுத்தாளரின் சுரங்களை வாசித்த அந்தத் தொனியை வேறெவராலும் ஈடுசெய்ய முடியவில்லை. இன்று குழுக்கள் அப்படி ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆயினும் ஒரே இசையமைப்பாளரின் மூன்று ஆல்பங்களை அடுத்தடுத்து வைத்துப் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட பெயர்கள் திரும்ப வரும். அவர்கள் ஒருவரையொருவர் பழகிய பழக்கம்தான் பிரிவுகள் ஒரே மூச்சாக ஒலிப்பதன் காரணம்.

இத்தனை பேரை எப்படிப் பதிவுசெய்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. முதல் வழியில் எல்லாரும் ஒரே பெரிய அறையில், மேடையில் அமர்வதுபோல் அமர்ந்து ஒன்றாக வாசிக்கிறார்கள். பிரிவுகள் ஒன்றையொன்று நேரடியாகக் கேட்டுத் தம் ஒலியளவைத் தாமே சரிசெய்துகொள்ளும். இசையில் காற்றோட்டம் இருக்கும். இதன் தொல்லை ஒலிக்கசிவு. பியானோவின் திறந்த மூடிக்குள் வைத்த ஒலிவாங்கியில் டிரம்பெட்டுகளும் டிரம்ஸும் புகுந்துவிடும். பிறகு பியானோவை மட்டும் உயர்த்த நினைத்தால் அவையும் சேர்ந்தே உயரும். பியானோ கலைஞரின் ஆல்பத்தில் இது மிகப் பெரிய சிக்கல்.

எனவே பெரும்பாலோர் இரண்டாம் வழியை நாடுகிறார்கள். பியானோ, பாஸ், டிரம்ஸ் மூன்றும் கண்ணாடிச் சுவர் கொண்ட தனியறைகளில் இருக்கும்; தனி வாசிப்பவருக்கும் ஓர் அறை; எல்லாரும் காதொலிப்பான் வழியே ஒருவரையொருவர் கேட்கிறார்கள். பிழை நேர்ந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்து ஒட்டலாம். தெளிவு கூடும், ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருப்பவரோடு மூச்சைப் பகிர்ந்துகொள்வது கடினம். என் செவிக்கு, சிறிது ஒலிக்கசிவு உள்ள பதிவுகளே பல ஆண்டுகளுக்குப் பிறகும் இனிக்கின்றன.

பியானோ அறைக்குள் அமர்ந்துவிட்ட இசையமைப்பாளரால் கையசைத்து நடத்த முடியாது. அதனால் பல ஆல்பங்களில் ‘நடத்துநர்’ என்று மற்றொருவரின் பெயரும் இருப்பதைக் காணலாம். அவருடைய உழைப்பு அட்டையில் சிறிய எழுத்தில் நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தரும் ஒன்று.

அளவில் பெரிய இந்த முயற்சிக்கு யார் பணம் தருகிறார்கள்?

வானொலி நிலையங்கள் தருவது ஒரு மரபு. ஜெர்மனியில் கொலோனின் டபிள்யூடிஆர், ஹாம்பர்கின் என்டிஆர், ஃபிராங்க்ஃபர்ட்டின் ஹெச்ஆர் ஆகிய பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் குழுக்களும், டென்மார்க்கில் 1964 முதல் இயங்கும் டேனிஷ் வானொலி பிக் பேண்டும் சம்பளம் பெறும் நிலையான குழுக்கள். இவை வெளியிலிருந்து பியானோ கலைஞர்களையும் இசையமைப்பாளர்களையும் அழைத்து ஒத்திகைக்குப் போதிய நேரமும் தருகின்றன. ஃபிரெட் ஹெர்ஷ் என்ற பியானோ கலைஞரின் படைப்புகளை வின்ஸ் மென்டோசா பெரிய குழுவுக்கு விரித்தெழுத, டபிள்யூடிஆர் குழு வாசித்த ‘பிகின் அகெய்ன்’ 2019இல் வந்தது. டோக்கியோவிலிருந்து நியூயார்க் வந்து பயின்ற இசையமைப்பாளர் மிஹோ ஹசாமா, 2019இல் டேனிஷ் குழுவின் தலைமை நடத்துநரானார்.

அமெரிக்காவில் அத்தகைய நிலையான குழுக்கள் அரிது. அங்கே இசையமைப்பாளர் தம் சேமிப்பு, நல்கை, கேட்பவர்களின் முன்பணம் ஆகியவற்றை ஒன்றுதிரட்டித்தான் பதிவுக்கூடத்துக்குள் நுழைகிறார். மரியா ஷ்னைடரின் ‘கன்சர்ட் இன் த கார்டன்’ 2004இல் ஆர்ட்டிஸ்ட்ஷேர் என்ற இணைய ஏற்பாட்டின் வழியே கேட்பவர்களின் பணத்தில் உருவாயிற்று. கடைகளில் விற்கப்படாமல் இணையம் வழியே மட்டும் விற்கப்பட்டு கிராமி விருது பெற்ற முதல் ஆல்பம் அதுவே. பணம் தந்தவர்களுக்கு ஆல்பம் மட்டுமன்றி அது உருவாகும் வழியையும் காட்டினார்கள் என்பதுதான் அந்த முறையின் சிறப்பு.

கேட்கும்போது எல்லாம் ஒரே இரைச்சலாகத் தோன்றுகிறது. எப்படிப் பழகுவது?

முதல் முறை எதையும் பிரித்தறிய முயலாமல் கேளுங்கள். இரண்டாம் முறை பாஸை மட்டும் பின்தொடருங்கள். அது தரையைப் போன்றது, அதில் கால் ஊன்றிவிட்டால் மேலே நடப்பவை குழப்பம் தருவதில்லை. மூன்றாம் முறை மெட்டு யாரிடம் இருக்கிறது என்று கவனியுங்கள். சாக்ஸபோன்களிடமிருந்து டிராம்போன்களுக்கு அது கைமாறும் இடத்தைக் கண்டுகொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல ஒலிபெருக்கி இருந்தால் காதொலிப்பானைவிட அதுவே மேல்; பிரிவுகள் அமர்ந்திருக்கும் இடத்தை அறையில் உணரலாம். ஒலியளவைச் சற்று உயர்த்தி வையுங்கள், மெல்லிய பகுதிகளுக்காக. இடையில் கூட்டவும் குறைக்கவும் வேண்டாம்.

பாட்டும் வரிகளும் இல்லாத இசை ஒரு பொருளைப் பற்றிப் பேச முடியுமா?

முடியும் என்பதற்குத் தோஷிகோ அகியோஷி ஒருவரே போதும். 1929இல் மஞ்சூரியாவில் ஜப்பானியக் குடும்பத்தில் பிறந்து, 1956இல் அமெரிக்கா சென்ற பியானோ கலைஞர் இவர். 1973இல் தம் கணவரும் சாக்ஸபோன், புல்லாங்குழல் கலைஞருமான லூ டபாக்கினோடு லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய குழுவை அமைத்தார். 1974இல் வந்த முதல் ஆல்பமான ‘கோகுன்’, போர் முடிந்தது தெரியாமல் ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் காட்டில் ஒளிந்திருந்து அவ்வாண்டு வெளிவந்த ஜப்பானியப் படைவீரர் ஹிரோ ஒனோடாவை எண்ணி எழுதிய படைப்பைத் தலைப்பாகக் கொண்டது. ஸ்விங் நடையில் செல்லும் குழுவின் நடுவே, ஜப்பானின் நோ நாடக மரபிலுள்ள சுசுமி என்ற கை முரசின் ஒலி எழுகிறது. ஓர் அலங்காரமாக அன்றி, வேறொரு காலத்தில் நின்றுவிட்ட மனிதனின் நினைவாக அது ஒலிக்கிறது. பாதரச நஞ்சு கலந்த கடலால் ஒரு மீனவர் ஊர் பட்ட துயரை ‘மினமாதா’ என்ற நெடும் படைப்பில் எழுதினார். ஹிரோஷிமாவுக்காக அவர் எழுதிய படைப்பு 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்நகரிலேயே அரங்கேறியது.

அவருடைய எழுத்தில் ஐந்து சாக்ஸபோன் கலைஞர்களும் புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் மாறி அமர்ந்து வாசிக்கும் பகுதிகளைத் தவறாமல் கேளுங்கள். பிக் பேண்ட் என்றால் உரத்த ஒலி என்ற எண்ணத்தை அப்பகுதிகள் முற்றிலும் மாற்றிவிடும்.

ஷ்னைடரின் 2020ஆம் ஆண்டு இரட்டை ஆல்பமான ‘டேட்டா லார்ட்ஸ்’ வேறொரு வழியைக் காட்டுகிறது. தரவுகளைத் திரட்டும் பெருநிறுவனங்களின் இலக்க (டிஜிட்டல்) உலகம் ஒரு தட்டிலும், பறவைகளும் வானும் அமைதியும் உள்ள இயற்கை உலகம் மறுதட்டிலும் இருக்கின்றன. முதல் தட்டில் மின்னொலியால் உருத்திரிந்த டிரம்பெட்டும் நெருக்கியடிக்கும் சுரக்கூட்டுகளும் நம்மை அழுத்துகின்றன. அதைக் கேட்டு முடித்த கையோடு இரண்டாம் தட்டைக் கேட்டால், அங்கே சுரங்களுக்கு இடையில் விடப்பட்ட வெளி உடலாலேயே உணரத்தக்கதாக இருக்கும்.

தொடங்குபவர் எந்த வரிசையில் கேட்கலாம்?

எலிங்டன் 1963இல் மேற்கொண்ட ஆசியப் பயணத்தின் நினைவுகளிலிருந்து, தம் இசையமைப்புத் துணைவர் பில்லி ஸ்ட்ரேஹார்னோடு சேர்ந்து எழுதிய ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ நல்ல வாசல். அடுத்து அகியோஷியின் ‘கோகுன்’. பிறகு கார்லா பிளேயின் 1990களின் பெரிய குழு ஆல்பங்களில் ஒன்றைக் கேளுங்கள். குறைந்த சுரங்களில் எவ்வளவு சொல்ல முடியும் என்பதை அவரிடமிருந்து கற்கலாம். அதன்பின் ‘கன்சர்ட் இன் த கார்டன்’. பியானோ கலைஞர் ஆர்ட்டுரோ ஓஃபாரிலின் ‘கியூபா: த கான்வர்சேஷன் கன்டின்யூஸ்’ ஆல்பத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவும் கியூபாவும் உறவைப் புதுப்பிக்கப்போவதாக 2014 டிசம்பரில் அறிவித்த அதே நாட்களில் ஹவானாவில் பதிவாகி, மறு ஆண்டில் வந்த ஆல்பம் அது. இரு நாட்டுக் கலைஞர்களும் அதில் ஒன்றாக வாசிக்கிறார்கள்.

நான் பியானோ கற்கிறேன். இத்தகைய எழுத்தைப் பயில எங்கே தொடங்குவது?

உங்களுக்குப் பிடித்த ஒரு எட்டு அளவுப் பகுதியை எடுத்து, அதிலுள்ள சாக்ஸபோன் வரிகளைக் காதால் கேட்டு எழுத முயலுங்கள். மேல் வரியும் அடி வரியும் எளிதில் கிடைக்கும்; நடுவிலுள்ளவைதான் ஆசிரியர்கள். கருவிகளின் இடமாற்றச் சுருதியையும் கற்க வேண்டும்: டிரம்பெட் வாசிப்பவர் தாளில் ‘ஸி’ என்று படிப்பது பியானோவின் ‘பி ஃபிளாட்’டாகவும், ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பவர் படிக்கும் ‘ஸி’ பியானோவின் ‘ஈ ஃபிளாட்’டாகவும் ஒலிக்கும்.

அதன்பின் நான்கு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, நான்கே அளவுகள் எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். எழுதும்போது பியானோவை விட்டு எழுந்து நின்று, ஒவ்வொருவரின் வரியையும் ஒரே மூச்சில் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாட முடியாமல் மூச்சு முட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு இட்டு, அங்கே ஓர் இடைவெளியை எழுதுங்கள்.